இசையின் குடியுரிமை

ஓர் இசை எந்த நாட்டுக்கு உரியது என்பதைத் தீர்மானிப்பது எது? அதனை ஆக்கியவர் பிறந்த மண்ணா? அதிற் சொல்லப்படும் கதை நிகழ்ந்த இடமா? மெட்டு வந்த மரபா? அல்லது அரசாங்கம் இட்டுக் கொடுக்கும் முத்திரையா? அந்நியர் ஆட்சி நீங்கிப் புதிதாக எழுந்த நாடுகள் பலவற்றில் இக்கேள்வி எழுந்ததுண்டு. கொடியும் முத்திரையும் நாணயமும் அமைத்துக்கொண்ட பின்னர், 'எமக்கென ஓர் இசை எங்கே?' என்று அந்நாடுகள் கேட்டன. கேள்வி நியாயமானதே. ஆயினும், அதற்கு அவசரமாக விடை சொல்ல முற்பட்டவர்களின் கையில் இசைவாணர் பட்ட பாடு சிறிதன்று.

இக்கேள்வியை ஆராய்வதற்குத் தலைநகரின் சங்கீத மண்டபங்களைக் காட்டிலும் ஏற்ற இடம் ஒன்று இலங்கையில் உண்டு. அது மன்னார்த் தீவும், அதனை எதிர்நோக்கி நிற்கும் மாதோட்டக் கரையும் ஆகும். வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார்க்குடா, மேற்கே இராமேசுவரத்தை நோக்கிச் செல்லும் மணற்றிட்டுகள், இவற்றுக்கு நடுவே கிடக்கும் வறண்ட நிலம் அது. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்க மண்ணுக்குரிய இனம். கடல்வழி வந்தவர்கள் அதனைக் கொணர்ந்து நட்டனர் என்பர். கோட்டை 1560ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கியது. 1658இல் ஒல்லாந்தர் கைக்குச் சென்றது. பின்னர் ஆங்கிலேயரைச் சேர்ந்தது. மரமும் கோட்டையும் அயலிலிருந்து வந்தவை. எனினும், அவையின்றி மன்னாரை இன்று எவராலும் நினைத்துப் பார்க்க முடியாது. அக்கரையின் இசையும் அத்தகையதே.

முதலில் மிகப் பழைய இசையை எடுத்துக்கொள்வோம். மாதோட்டத்திலே பாலாவிக் கரையில் அமைந்த திருக்கேதீச்சரத்தின் மீது திருஞானசம்பந்தரும் சுந்தரமூர்த்தி நாயனாரும் தேவாரப் பதிகங்கள் பாடியுள்ளனர். சம்பந்தர் பதிகம் நட்டராகப் பண்ணிலும், சுந்தரர் பதிகம் நட்டபாடைப் பண்ணிலும் அமைந்தவை. ஓதுவார் மரபில் முன்னது பந்துவராளியாகவும், பின்னது நாட்டையின் சாயலிலும் பாடப்பட்டு வருகின்றது. இவ்விருவரும் இலங்கை மண்ணில் கால் வைத்தவர்கள் அல்லர். இராமேசுவரத்துக்கு வந்து, அங்கிருந்தே கடல் கடந்த ஈசனை நினைந்து பாடினர் என்று பெரிய புராணம் கூறுகின்றது. சுந்தரர் பதிகத்திலே பாலாவிக் கரை மீண்டும் மீண்டும் வருகின்றது. நேரில் வாராதவர் பாட்டிலே அந்த நீர்நிலை நிலைபெற்றுவிட்டது.

பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் அத்திருக்கோயிலை அழித்தனர். அதன்பின் நெடுங்காலம் அங்கே கோயில் இல்லை, காடுதான் இருந்தது. 1872இல் ஆறுமுக நாவலர் அதனைப் புதுப்பிக்க வேண்டுமென்று சைவ மக்களை வேண்டியபோது, அவருக்குச் சான்றாக நின்றவற்றுள் அவ்விரு பதிகங்களும் தலையாயவை. கல் போயிற்று, பாட்டுப் போகவில்லை. அக்கரையில் நின்று பாடியவரின் இசை இக்கரைக்கு உரிமை ஆவணமாயிற்று. ஆக்கியோன் பிறந்த நாடே இசையின் நாடு என்று கொண்டால், இந்தப் பதிகங்களுக்கு மன்னாரிலே இடமில்லை என்று சொல்ல நேரும். அப்படிச் சொல்ல எவர் துணிவர்?

அடுத்து, ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகக் காலத்தைத் தாண்டிப் பாரிஸ் நகருக்குச் செல்வோம். அங்கும் ஓர் இளைஞர் மன்னார்க் கடலைக் காணாமலே பாடினார். அவர் பெயர் ஜோர்ஜ் பிசே. 1838இல் பிறந்த அவர் இயற்றிய 'முத்துக் குளிப்போர்' என்னும் இசை நாடகம் 1863ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் நாள் பாரிஸ் லிரிக் அரங்கில் அரங்கேறியது. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது கூட நிரம்பவில்லை. கதை நிகழும் இடம் இலங்கைக் கடற்கரை. முத்துக் குளிப்போரைத் தீய சக்திகள் அணுகாதிருக்க, முக்காடிட்ட பெண்ணொருத்தி பாறை மீது நின்று இரவெல்லாம் பாடி வேண்டுகிறாள். அவளை இரு நண்பர்கள் காதலிக்கின்றனர். அதனால் விளையும் துன்பமே நாடகம்.

இந்த நாடகம் எழுந்த வகை நாம் கருத்திற் கொள்ளத்தக்கது. பிரெஞ்சு நாட்டின் நுண்கலை அமைச்சராயிருந்த வலெவ்ஸ்கிப் பிரபுவின் ஏற்பாட்டின்படி, அவ்வரங்குக்கு ஆண்டுதோறும் 1,00,000 பிராங்கு மானியம் கிடைத்தது. அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனை, ரோமாபுரிப் பரிசு பெற்ற இளம் இசையமைப்பாளர் ஒருவரின் மூன்று அங்க நாடகம் ஒன்றை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக மேடையேற்ற வேண்டும் என்பதாகும். இளையவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்று அரசு சொல்லிற்று. எந்தக் கதை, எந்த மெட்டு என்று சொல்லவில்லை. அரசு பணம் தந்தது, சுரம் தரவில்லை.

சுரம் சொல்லிக் கொடுக்க வந்தவர்கள் வேறு சிலர். அரங்கேற்றத்தைக் கேட்ட விமர்சகர்களிற் பலர் இந்த இசையிலே ஜெர்மானியரான வாக்னரின் வாடை வீசுகின்றது என்றும், இத்தாலியரான வெர்டியின் சாயல் படிந்துள்ளது என்றும் குறை கூறினர். பாரிஸில் பிறந்து பாரிஸில் பயின்ற இளைஞரை, 'நீர் போதிய அளவு பிரெஞ்சுக்காரர் அல்லர்' என்று அவர்கள் கண்டித்தனர் எனலாம். பெர்லியோஸ் என்னும் பெரும் இசைமேதை மாத்திரம் பாராட்டி எழுதினார். 18 முறை ஆடப்பட்ட பின் நாடகம் கிடப்பில் விழுந்தது. 1875இல் பிசே மறைந்தார். 1886இல் மிலான் நகரிலே அது மீண்டும் மேடையேறியதை அவர் காணவில்லை. அவர் மறைந்த பின்னர் பிறர் அந்நாடகத்தின் பகுதிகளை மாற்றியும் திருத்தியும் ஆடினர். 1970களிலேதான் அறிஞர்கள் 1863ஆம் ஆண்டுப் பதிப்பைத் துணைகொண்டு, பிசே எழுதிய வடிவத்தைப் பெருமளவுக்கு மீட்டனர்.

இனி, இந்த இசை மன்னாருக்கு உரியதா என்று கேட்போம். கதையின் களம் முதலில் மெக்சிக்கோவாக இருந்து, பின்னரே இலங்கையாக மாற்றப்பட்டது. நாடக மாந்தரின் பெயர்கள் லெய்லா, நாதீர், சுர்கா, நூராபாத் என்பன. தமிழருக்கும் இல்லை, சிங்களவருக்கும் இல்லை. உண்மையான முத்துச் சலாபமோ அரிப்பிலும் சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் வேறு விதமாக நடைபெற்றது. தென்மேற்குப் பருவக்காற்று எழுமுன், கடல் அடங்கிக் கிடக்கும் மாசி, பங்குனி மாதங்களிலே வெறும் மணல்வெளியில் ஒரு நகரம் முளைக்கும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அராபியக் கரைகளிலிருந்தும் குளியாட்கள் வருவர். காலில் கல்லைக் கட்டி ஒருவர் இறங்க, மேலே ஒருவர் கயிறு பிடித்து நிற்பார். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட 'கடல்கட்டி' என்பவர் கரையில் நின்று மந்திரம் ஓதுவார். அவர் ஓதாவிட்டால் குளியாட்கள் இறங்க மறுத்தனர். ஆதலால் ஆங்கில அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்து வந்தது. பிசேயின் நாடகத்திலே பாறை மீது நின்று பாடும் லெய்லாவுக்கு உண்மை வாழ்வில் நேராக நிற்கத்தக்கவர் இந்தக் கடல்கட்டியே ஆவர்.

ஆயினும், படகுகளில் எழுந்த அம்பாப் பாட்டையோ, கடல்கட்டியின் ஓதலையோ பிசே கேட்டவர் அல்லர். இக்கரையின் ஓசை ஒன்றும் அவருடைய இசையில் இல்லை. அதற்காக அவரைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. நண்பர் இருவரும் சேர்ந்து பாடும் பகுதியின் இனிமையை உலகம் இன்றும் கொண்டாடுகின்றது. ஆனால் அந்த இசை மன்னாரின் பெயரைத் தாங்கிய பிரெஞ்சுக் குடிமகன். சம்பந்தரும் நேரில் வரவில்லை. பிசேயும் நேரில் வரவில்லை. ஒருவருடைய பாட்டு இக்கரைக்கு உரியதாயிற்று. மற்றவருடைய பாட்டு ஆகவில்லை. வேறுபாடு எங்கே உள்ளது? முன்னதை இக்கரை மக்கள் பாடினார்கள். தம் வழிபாட்டிலும் துயரிலும் அதனைப் பயன்படுத்தினார்கள். பின்னதை அவர்கள் பாடவில்லை. ஓர் இசைக்குக் குடியுரிமை வழங்குவது அதனைப் பாடும் மக்களே என்பது இதனால் பெறப்படும்.

இதற்கு மன்னார் தரும் தலைசிறந்த சான்று அதன் நாட்டுக்கூத்து. மன்னார் மாவட்டத்தின் கத்தோலிக்க ஊர்களிலே தலைமுறை தலைமுறையாக நாடகங்களும் வாசாப்புகளும் ஆடப்பட்டு வந்துள்ளன. 'வாசகப்பா' என்னும் சொல்லே மக்கள் வாயில் வாசாப்பு ஆயிற்று. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு வகையான பாடல் மரபுகள் அங்கே உண்டு. அண்ணாவியார் ஏட்டை வைத்துக்கொண்டு பழக்குவார். மத்தளமும் தாளமும் ஒலிக்க, நடிகர் பாடுவதைப் பிற்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடுவர். ஊரின் பாதுகாவலரான புனிதரின் திருநாளை ஒட்டி, நேர்த்திக்கடனாக விடிய விடிய ஆடுவர்.

அக்கூத்துகளின் கதைகளை நோக்குங்கள். 'என்றிக் எம்பரதோர் நாடகம்' என்று ஒன்று உண்டு. 'எம்பரதோர்' என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் உரு. 'மூவிராசாக்கள் நாடகம்' என்பது, பாலன் இயேசுவைத் தேடிக் கீழ்த்திசையிலிருந்து சென்ற மூன்று அரசர்களின் கதை. கதை ஐரோப்பியருடனும் மறையுடனும் வந்தது, ஆனால் அந்த அரசர்கள் கொலுவுக்கு வரும்போது தமிழ் விருத்தத்திலே வருகின்றனர், கொச்சகத்திலும் கலித்துறையிலும் பேசுகின்றனர், தருவுக்கு ஆடுகின்றனர். அந்நியக் கதையைக் கொண்டுவந்த புலவரை நோக்கி, 'இது எமது மண்ணின் கதை அன்று' என்று எவரும் தடுக்கவில்லை. தமிழ் யாப்பைக் கையாண்டவரை நோக்கி, 'இது தேவாலயத்துக்கு அடுக்காது' என்று எவரும் ஏட்டைப் பறித்துவிடவும் இல்லை. அவ்வாறு செய்திருந்தால் இக்கூத்து மரபே தோன்றியிராது.

பிசேயும் மன்னார்ப் புலவரும் செய்தது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே வேலைதான். இருவரும் தாம் காணாத நாட்டுக் கதையைத் தம் இசையிலே பாடினர். ஆனால் புலவர் தம் மரபின் யாப்பையும் மெட்டையும் அடிமுதல் நுனிவரை அறிந்தவர். எவருக்காகப் பாடுகின்றோம் என்பதையும் அறிந்தவர். தம் மரபிலே ஆழ வேரூன்றியவனுக்கு அந்நியக் கதை அச்சந் தருவதில்லை. தன் மரபை அறியாதவனே பிறர் இசையைக் கண்டு அஞ்சுவான். அல்லது பிறர் இசையை அப்படியே நகல் செய்வான்.

இன்னொரு சான்றும் உண்டு. கோவையிலே பிறந்து 1705இல் இலங்கைக்கு வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். இங்கே கோவை என்பது இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள கோவாப் பட்டினம். ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலம் அது. கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட அவர் தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரு மொழியிலும் நூல்கள் இயற்றினார். தவக்காலத்திலே வாசிக்கப்படும் தமிழ் 'வியாகுலப் பிரசங்கம்' அவருடையது. சிங்களப் பசாம் மரபுக்கும் அவரே வழிகாட்டி. மன்னார் முதல் நீர்கொழும்பு வரை உள்ள மீனவக் கிராமங்களிலே, மொழி மாறினாலும் துயரின் ஓசை மாறாது எழுவதற்கு அவர் பணி ஒரு காரணம். அவரை எந்த இனத்தின் கணக்கிலே எழுதுவது?

மக்கள் இசையை ஏற்கின்றனர். ஆனால் சட்டம் மக்களையே ஏற்க மறுத்த காலமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழ்நாட்டிலிருந்து தோட்டத் தொழிலாளர் கூட்டங் கூட்டமாக இறங்கிய கரையும் மன்னாரே. தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மாண்டவர் பலர். 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பற்சேவை தொடங்கிற்று. 1964 டிசம்பர்ப் புயலோடு அது தனுஷ்கோடிக்கு நின்றது. அவர்கள் கொண்டுவந்த சொத்துகளுள் காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கரும் அடங்கும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவர் ஆக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அக்குறை பெரிதும் தீர்ந்தது. இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளும் மாசி மாதந்தோறும் மலைநாட்டிலே காமன் கூத்தின் தப்பொலி கேட்டுக்கொண்டே இருந்தது. பாடியவருக்குக் குடியுரிமை இல்லாத நாட்களிலும் பாட்டு இந்நாட்டுப் பாட்டாகவே வளர்ந்தது.

இவ்வளவும் மக்கள் தாமாகச் செய்தவை. சுதந்திரம் பெற்ற இலங்கை, தனக்கென ஓர் இசையை அரசாங்க வழியிலே வகுக்க முற்பட்டபோது நடந்தவற்றையும் நோக்க வேண்டும். 1952இல் இலங்கை வானொலி தன் கலைஞர்களைத் தேர்ந்து தரம் பிரிப்பதற்காக வட இந்தியாவிலிருந்து பண்டிதர் ரத்தன்ஜன்கரை வரவழைத்தது. அவர் இந்துஸ்தானி இசையில் பேரறிஞர் என்பதில் ஐயமில்லை. சிங்கள மெல்லிசைக்கு முன்னோடியான சுனில் சாந்த அந்தத் தேர்வுக்குத் தோன்ற மறுத்தார். இத்தனைக்கும் அவர் இந்துஸ்தானி இசை அறியாதவர் அல்லர்; லக்னோ நகரின் பாத்கண்டே கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றவர். இராகங்களை அறிந்த அவரே, இராக அளவுகோலால் சிங்களப் பாட்டை அளப்பது தகாது என்றார். வானொலியின் கதவு அவருக்கு அடைபட்டது. 1967இல் அவர் மீண்டும் வானொலிக்கு வரும்வரை, இடையிற் கழிந்த பதினைந்து ஆண்டுகளின் இழப்பு அவருடையது மட்டுமன்று, கேட்போருடையதும் ஆகும்.

ஆனந்த சமரக்கோன் கதை இன்னும் துயரமானது. சாந்திநிகேதனத்தின் தொடர்புடைய அவர், காலி மகிந்த கல்லூரியில் ஆசிரியராயிருந்த காலத்தில், 1940இல் ஒரு பாடலை இயற்றினார். அது 1951 நவம்பரில் நாட்டின் தேசிய கீதமாக ஏற்கப்பட்டது. பண்டிதர் மு. நல்லதம்பி அதனைத் தமிழிலே பெயர்த்தார். பின்னர், பாடலின் முதற்சொற்களின் கணம் நாட்டுக்கு ஆகாது என்று சிலர் கிளப்பிவிட்டனர். 1961 பெப்ரவரியில், ஆக்கியோனின் இசைவின்றியே அச்சொற்கள் மாற்றப்பட்டன. தம் பாட்டின் தலையே கொய்யப்பட்டதாக அவர் மனம் நொந்தார். 1962 ஏப்ரலில் அவர் உயிர் நீத்தார். நாட்டின் அடையாளமாக விளங்கிய பாட்டிலே, அதை ஆக்கியவருக்கு உரிமை இல்லாமற் போயிற்று. அதன் தமிழ் வடிவமும் தேசிய சுதந்திர தின விழாவிலே நெடுங்காலம் ஒலிக்காதிருந்து, 2016 பெப்ரவரி 4ஆம் நாள் மீண்டும் ஒலித்தது.

இத்தகைய பிழைகள் இலங்கைக்கு மாத்திரம் உரியவை அல்ல. அயல்நாடான இந்தியாவில் 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி, ஆர்மோனியம் அந்நிய வாத்தியம் என்று அதனை விலக்கி வைத்தது. 1952இல் திரைப்பாட்டுக்கு அந்த வானொலி கதவை அடைத்தபோது, கோடிக்கணக்கான இந்திய நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். கட்டளையால் காதை மூட முடியாது என்பதற்கு இது தக்க சான்று. சோவியத் நாட்டிலே 1948 பெப்ரவரியில் ஷொஸ்தகோவிச், புரொகோபியேவ் முதலிய பேரிசைவாணர் மக்களுக்கு ஒவ்வாத இசையை எழுதுகின்றனர் என்று கட்சி கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. ஹங்கேரிய மேதை பார்ட்டோக், ருமேனிய, சுலோவாக்கியக் குடியானவரின் பாடல்களையும் தேடிச் சேகரித்தார். அதற்காகவே இரு பக்கத்துத் தீவிர தேசியவாதிகளாலும் தாக்கப்பட்டார். இனங்கள் ஒன்றிடமொன்று கொண்டும் கொடுத்தும் வந்ததாலேயே நாட்டார் இசை வளம் பெற்றது என்பது அவர் ஆராய்ந்து கண்ட முடிவு. மன்னார்க் கூத்தைக் கேட்டவர்களுக்கு அம்முடிவு புதிதன்று.

அப்படியாயின் தேசிய இசை என்பதே பொய்யா? அன்று. தன் மண்ணின் ஓசையை அறிந்துகொள்ள வேண்டும் என்பது நல்ல கோரிக்கை. காரைதீவிலே பிறந்த விபுலானந்த அடிகள் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1947இல் வெளியிட்ட 'யாழ் நூல்', தமிழிசையின் பழைய பண்களையும் வாத்தியங்களையும் கணித முறையால் மீட்டெடுக்க முயன்ற நூல். அது எவரையும் தடுக்கும் சட்டம் அன்று. எவரும் எடுத்துப் பயன்கொள்ளத்தக்க களஞ்சியம். தேசிய இயக்கம் இசைவாணனுக்குக் கொடுக்க வேண்டியது இத்தகைய களஞ்சியமே. மன்னார் நாடக ஏடுகளையும் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்து வெளிக்கொணர்ந்தார். கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவிற்குத் தலைமை தாங்கிய அவர், அண்ணாவிமாரைத் தேடிச் சென்று கௌரவித்தார். அரசாங்க நிறுவனம் ஒன்று கட்டளையிடாமலும் கலைக்குத் துணைநிற்க முடியும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

களஞ்சியமும் சுதந்திரமும் ஒருங்கே வாய்த்தவன் எல்லையைக் கடப்பான். இணுவிலைச் சேர்ந்த வீரமணி ஐயர், சென்னையிலே கலாசேத்திரத்திற் பயின்ற காலத்தில், மயிலாப்பூர்க் கற்பகாம்பாள் மீது ஓர் இராகமாலிகை இயற்றினார். தமிழ்நாடெங்கும் அது பாடப்படுகின்றது. பாடுவோரிற் பலர் அதனை இயற்றியவர் ஈழத்தவர் என்பதை அறியார். அன்று அக்கரையிலிருந்து சுந்தரர் இக்கரையைப் பாடினார். பின்பு இக்கரையவர் அக்கரையைப் பாடினார். அவர் தமிழிசையின் 72 மேளகர்த்தா இராகங்களிலும் கீர்த்தனைகள் ஆக்கியவர். சிங்கள இசையிலே பிரேமசிறி கேமதாச, மேனாட்டு வாத்தியக் குழுவின் முறையையும் இலங்கைக் கிராமிய மெட்டுகளையும் இணைத்து 'மானசவில' போன்ற இசை நாடகங்களைப் படைத்தார். அவர் 2008இல் மறைந்தார். இத்தாலியிலே பிறந்த அந்தக் கலைவடிவம், இலங்கையரின் கையில் இலங்கைக் கதை சொல்லிற்று.

இன்றைய மன்னாரின் நிலையையும் கூறாமல் முடிப்பது முறையன்று. 1990 ஒக்டோபரிலே வடபகுதி முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டியும் முசலிப் பகுதியின் ஊர்களும் வெறுமையாயின. மக்கள் புத்தளத்துக்குப் பெயர்ந்தபோது அவர்களுடைய பாட்டும் உடன் பெயர்ந்தது. போர் நீடித்த ஆண்டுகளிலே தமிழ்க் கிராமங்களும் சிதறுண்டன. கூத்துக் களரிகள் இருண்டன. 2009இல் போர் முடிந்த பின் மக்கள் திரும்பினர். ஆனால் மூத்த அண்ணாவி ஒருவர் மறையும்போது, ஏட்டிலே எழுதப்படாத மெட்டுகளும் அவரோடு மறைகின்றன. ஏடு அச்சேறினாலும், அதனைப் பாடும் முறை அச்சில் ஏறுவதில்லை. ஆதலின், பாடசாலைகள் அண்ணாவிமாரை அழைத்து மாணவருக்கு அம்மெட்டுகளைப் பழக்குவதும், வானொலி அவற்றைப் பதிவு செய்து பேணுவதும் காலத்தால் தாழ்க்கத்தகாத பணிகள் ஆகும்.

அவ்வாறு பயின்ற மாணவன் ஒருவன் நாளை இசையமைக்கப் புகுவானாயின், அவன் கூத்து மெட்டைப் பியானோவில் அமைக்கலாம். பிசேயின் முத்துக் குளிப்போரையே எடுத்து, லெய்லாவின் பாறையிலே கடல்கட்டியை நிறுத்திப் புதிதாய்ப் பாடலாம். அல்லது இரண்டையும் விட்டுத் தன் மனத்தில் எழும் வேறொன்றைச் செய்யலாம். அவனிடம் நாடு கேட்கத்தக்கது ஒன்றே: அறிந்து செய் என்பது. பணிந்து செய் என்று கேட்க நாட்டுக்கு உரிமையில்லை. அறிவு கொடுத்துப் பழக்கினால் போதும். அவன் ஆக்கும் இசை இந்நாட்டுக்கு உரியதா என்பதை மக்கள் தீர்மானித்துக்கொள்வர்.

அரிப்பிலே, முத்துச் சலாபத்தை மேற்பார்வையிடுவதற்காக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெடரிக் நோர்த் என்னும் ஆங்கிலத் தேசாதிபதி கிரேக்கப் பாணித் தூண்களுடன் ஒரு மாளிகை கட்டுவித்தார். அதன் சிதைவுகள் இன்றும் கடலோர மேட்டிலே நிற்கின்றன; கடல் அதனைச் சிறிது சிறிதாக அரித்து வருகின்றது. அவ்வூர் மக்கள் அதனை நோர்த் மாளிகை என்று சொல்வதில்லை. அல்லிராணிக் கோட்டை என்றே வழங்குகின்றனர். தம் கதைப்பாடலிலே வாழும் அரசிக்கு அந்த அந்நியத் தூண்களை அவர்கள் உரிமையாக்கிவிட்டனர். அதற்கு எவருடைய அனுமதியையும் அவர்கள் கேட்கவில்லை.